லென்ஸுக்குள் வைத்த பொட்டு

பட்டனை அழுத்தினேன். எப்போதும் வரும் சத்தம் வரவில்லை. கதவிடுக்கில் எதுவோ மாட்டிக்கொண்ட மாதிரி பாதிச் சத்தம் வந்து நின்றுவிட்டது. கேமராவின் பின்பக்கத் திரையில் ஓர் ஆங்கில வாசகமும் ஓர் எண்ணும் தெரிந்தன. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இருட்டாக இருந்தது.

ஊர் பினாங்கு. சனிக்கிழமை காலை. மறுநாள் பத்து மணிக்கு நிக்காஹ். பெண் வீட்டோடு வந்திருந்த எங்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கியிருந்த மாடி அறையில் நான் தனியாக இருந்தேன். கீழேயிருந்து ரம்பை இலை போட்டுச் சோறு வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி காற்று.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கார்டை எடுத்துப் போட்டேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருந்தேன். சூடு ஆறினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு மறுபடி அழுத்தினேன். அதே பாதிச் சத்தம்.

வேறு யாராவது என்றால் உடனே கீழே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து கேமரா பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கெட்ட செய்தியை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்தே அதை இன்னும் கெட்டதாக்குவது என் பழக்கம்.

மறுநாள் அந்த மண்டபத்தில் பெண்கள் பக்கம் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அத்தனை பேர் மத்தியில் படம் எடுக்க ஒரே ஒரு கருவிதான் இருக்கும். அது இந்தக் கேமரா. தன் மகளின் கல்யாணத்தை இதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று தாம்பரத்தில் ஓர் அம்மா காத்திருந்தார்.

பெண்கள் பக்கத்துக் கேமரா

ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றி முன்பு எழுதியபோது, கேமராவை எப்போது கையில் எடுத்தீர்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். விட்டுவிடவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கூட்டிப் பெருக்கியதுபோக, பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போடுவேன். வருகிறவர்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் ஒரு பாய் வந்து, தங்கை கல்யாணத்துக்குப் பெண்கள் பக்கம் படம் எடுக்க லேடீஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இருக்காங்க பாய்" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஸ்டூடியோ ஸ்டூலையும், தண்ணீர்க் குடத்தையும், முதலாளியின் முழங்கையையும் நான் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை.

அந்த பாய், கேம்ப் ரோடு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அவருடைய மனைவிதான் கதீஜா அக்கா. அந்த முதல் கல்யாணம் முடிந்ததும், "இந்தப் பொண்ணு வந்ததும் தெரியல, போனதும் தெரியல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் பெண்கள் பக்கம் வசதியாக இருந்தது. கேமராவை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டால் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று அவர்கள் உறவில் எங்கே கல்யாணம் நடந்தாலும் அதற்குப் பிறகு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கதீஜா அக்கா இப்போது இல்லை. அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. மகள் அஸ்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டேக்சா நிறைய போன்கள்

எல்லோர் கையிலும் கேமரா போன் வந்த பிறகு ஒரு சம்பவம் நடந்தது. அவர்கள் உறவில் ஒரு பெண், மருதாணி வைக்கும் அன்று தோழிகளோடு முக்காடு இல்லாமல் ஆடியிருக்கிறாள். யாரோ எடுத்த படம் எப்படியோ வெளியே போய், முன்பின் தெரியாத ஆண்களின் போன்களில் எல்லாம் சுற்றியது. அந்தப் பெண் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த கல்யாணத்தில் கதீஜா அக்கா பெண்கள் பக்க வாசலில் பிரியாணி வேகும் பெரிய பாத்திரமான டேக்சா ஒன்றை வைத்தார். வருகிறவர்கள் தங்கள் போனில் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டி, அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சம்பந்தி அம்மாவாக இருந்தாலும் சரி. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு அது அந்தக் குடும்பத்து வழக்கமாகவே ஆகிவிட்டது.

உள்ளே என் கேமரா மட்டும். எல்லாம் முடிந்ததும் கதீஜா அக்காவின் கண்ணெதிரே கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவேன். பிரிண்டுக்கு எது போக வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெண்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். என்னிடம் ஒரு படமும் தங்காது.

இதனால் ஒரு சங்கடம் உண்டு. இத்தனை வருடம் எடுத்தும், நான் எடுத்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது. நாவலூர் ஃப்ளாட்டில் ஓர் அம்மா சாம்பிள் கேட்டபோது, என் அக்கா மகனின் காதுகுத்து ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏழு பக்கத்துக்கு ஒரே குழந்தை அழுவதைப் பார்த்துவிட்டு அவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

போகாத டிக்கெட்

அஸ்மா, கதீஜா அக்காவுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாகப் பினாங்கில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கு ஊருக்கு வர லீவு கிடைக்காததால் கல்யாணத்தை அங்கேயே வைப்பது என்று முடிவாயிற்று.

கதீஜா அக்காவுக்கு அப்போது சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்படியும் நடுவில் போய் வந்துவிடலாம் என்று டிக்கெட் போட்டிருந்தார். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப் போடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

அவருடைய தங்கை ஜரீனா அக்கா ஒரு வழி சொன்னார். ஜரீனா அக்கா வாய்த்துடுக்கு. கடையில் கணவருக்குச் சமமாக உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர். அன்று நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ஒரே ஒரு போன்தான்கா. நான் புடவைக்குள்ள வெச்சிகினு உள்ள போயிடறேன். வீடியோ கால்ல நீ பார்த்துட்டு வெச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊர்ல எல்லார் போனையும் புடுங்கி டேக்சாவுல போட்டவ நான். எனக்குன்னு வரும்போது மட்டும் ஒண்ணு உள்ள போலாமா?"

"நீ பெத்த பொண்ணு கல்யாணம்கா அது."

"அதனாலதான் சொல்றேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தேவி போவா. அவ எடுத்துகினு வருவா. எனக்கு அது போதும்."

அதற்காகத்தான் நான் அவசரமாகத் தட்கலில் பாஸ்போர்ட்டே எடுத்தேன்.

பம்மலில் பிறந்தவள் நான். எங்கள் தெருவுக்கு மேலே விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்துவோம். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். அதன் வயிற்றை மட்டும்தான் அத்தனை வருடம் பார்த்திருந்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் எங்கள் தெரு தெரிகிறதா என்று கீழே தேடினேன். அதற்குள் மேகம் வந்துவிட்டது.

கேமரா என்னுடையது. இன்னொருவரிடமிருந்து பழசாக வாங்கியது. ஒரு மழைக்காலத்தில் முடிச்சூரில் இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு நடந்து போயிருக்கிறேன். அன்றைக்கும் அது நிற்கவில்லை. வெளியூர் வேலை என்றால் கூட இன்னொரு கேமரா எடுத்துப் போவதுதான் முறை. ஆனால் அது தை மாதம். ஸ்டூடியோவில் இருந்தவை எல்லாம் மண்டபங்களுக்குப் போயிருந்தன. ஒன்று கொடுங்கள் என்று அழுத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாத்திரை டப்பாக்களில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். கேமராவுக்கு நான் செய்ய வேண்டிய பாதுகாப்பு எல்லாம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்

கடைசியில் ஜரீனா அக்காதான் பினாங்கு மாடி அறைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடி, பேயடிச்ச மாதிரி உக்காந்துகினு கீற?"

கேமராவை நீட்டினேன். அவர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் கீழே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். கேமரா கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நகரத்தில் ஒரு பெரிய கடைவளாகத்தின் நாலாவது மாடியில் இருக்கிறதாம். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்களாம். (கம்பெனியின் பெயர் வேண்டாம். விளம்பரம் போல ஆகிவிடும்.) டாக்சியில் போய் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டியிருந்தது.

வழியெல்லாம் எனக்கு நம் ஊர் நினைவுதான். ஒரு தடவை ஃப்ளாஷைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு, ஒரு ரிப்பேர்க் கடைக்கு ரயிலில் எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே நினைவில்லை. "மேடம், நாளைக்கு வாங்க" என்பதை அவர்கள் விதவிதமான குரல்களில் சொல்வார்கள். இங்கே மொழியும் தெரியாது. நாளை என்றால் நாளையோடு எல்லாம் முடிந்துவிடும்.

கவுன்ட்டரில் ஓர் இளம்பெண் இருந்தாள். உள்ளேயிருந்து, அறுபது வயது இருக்கும், ஒரு சீனர் வந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பெயர் ஓங். அந்தப் பெண் அவரை அங்கிள் என்று கூப்பிட்டாள். எங்களையும் உள்ளே வரச் சொல்லி, தன் வேலை மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். கேமராவை வாங்கி உள்ளே கொண்டுபோய் மறைத்துவிடாமல் என் கண்ணெதிரே திறந்தது எனக்குப் புதிதாக இருந்தது.

மேசை விளக்கை இழுத்து, லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தார். பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை விட்டு எடுத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது. இன்னொரு குச்சியை விட்டார். அது மஞ்சளாக வந்தது. மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஜரீனா அக்காவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"மிளகாத்தூள் மாதிரி இன்னாமோ உள்ள கீதாம். கேமராவை சமையக்கட்டுல வெச்சிருந்தியான்னு கேக்குறாரு."

அவர் கையிலிருந்த சிவப்புப் பஞ்சைப் பார்த்தேன்.

"குங்குமம்கா" என்றேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஆயுத பூஜை அன்று கேமராக்கள், ஃப்ளாஷ், டிரைபாட், முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்போம். அதுபோகப் பெரிய வேலைக்குக் கிளம்பும்போது நானாகவும் ஒரு பொட்டு வைப்பது உண்டு. பினாங்குக்குக் கிளம்புகிற அன்றும் வைத்தேன். ஆனால் வழக்கமாக வைக்கும் இடத்தில், மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வைக்கவில்லை. லென்ஸைக் கழற்றி, அது மாட்டும் வளையத்தின் உள்விளிம்பில் மூன்று சின்னப் பொட்டு வைத்து லென்ஸால் மூடிவிட்டேன். சந்தனம் காய்ந்து, ஒவ்வொரு முறை லென்ஸைக் கழற்றி மாட்டும்போதும் உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது.

"உள்ள ஏண்டி வெச்ச?"

"வெளியில வெச்சா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு. நிக்காஹ் வூடாச்சே. அதான்..."

ஜரீனா அக்கா என்னையே பார்த்தார்.

"வெளியில வெச்சா நாங்க இன்னா அழிச்சிடப் போறமா? எங்க கடையில பசங்க ஆயுத பூஜைக்கு தராசுலேர்ந்து கல்லாப்பெட்டி வரைக்கும் பொட்டு வெச்சிட்டுப் போறானுங்க. பொரியும் கடலையும் என் வூட்டுக்காரருதான் வாங்கித் தர்றாரு. இத்தினி வருஷமா எங்க வூட்டுல சோறு துன்றியே, இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா."

"தெரிஞ்சும் ஒளிச்சு வெச்சியா?"

மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அவர் கேட்ட விதத்தில், அவர்களை நம்பாமல் செய்தது போல இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரல் கடைசியில் இறங்கிவிட்டது.

பிறகு அவர் ஓங் அங்கிளிடம் திரும்பி, நெற்றியைத் தொட்டும் கையைக் கூப்பியும் விளக்கினார். ஓங் அங்கிள் சிரிக்கவில்லை. தன் மேசை விளக்கின் தண்டைக் காட்டினார். அதில் ஒரு சிவப்புக் காகிதம், தங்க நிறத்தில் சீன எழுத்தோடு ஒட்டியிருந்தது. கேமராவின் வெளிப்புறத்தை விரலால் தட்டி, இங்கே, இங்கே என்று எனக்குச் சைகை காட்டினார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

ஆனால் கேமராவின் பிரச்சினை முடியவில்லை. சந்தனத் துணுக்கு மாட்டி, ஷட்டரின் மெல்லிய தகடு ஒன்று வளைந்திருந்தது. புதுப் பாகம் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் தர முடியும். நாங்கள் புதன்கிழமை ஊருக்குத் திரும்புகிறோம். கல்யாணம் நாளை.

ஜரீனா அக்கா அவரிடம் நீளமாகப் பேசினார். 'மதர்', 'ஹாஸ்பிட்டல்' என்பவை மட்டும் எனக்குப் புரிந்தன. டேக்சாவைக்கூடக் கைகளால் வரைந்து காட்டினார். ஓங் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டு, கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். இன்னொரு கேமராவோடு வந்தார். என்னுடையதைவிடப் புதிது.

இரவல் கேமரா அங்கே பணம் கட்டிச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். கவுன்ட்டர் பெண் தணிந்த குரலில் ஏதோ நினைவுபடுத்தினாள். அவர் ஒரு வரியில் பதில் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். நாளை ஞாயிறு, சட்டத்துக்கும் லீவு என்றாராம். படிவத்தில் வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மணி ஒன்று ஆகிவிட்டது. வெளிக்கதவைப் பாதி இறக்கினார்கள். கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

என் கேமராவில் எந்த அமைப்பை எப்படி வைத்திருந்தேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, புதிதில் அதே மாதிரி வைத்தார். கவுன்ட்டர் பெண்ணைக் கண்ணாடிக் கதவோரம் நிற்க வைத்து எடுக்கச் சொன்னார். பிறகு சாமான் அறையின் மங்கலான வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னார். ஃபோகஸ் பிடிக்கும் பட்டன் என்னுடையதில் இருக்கும் இடத்தில் இல்லை. என் விரல் ஒவ்வொரு தடவையும் பழைய இடத்துக்கே போய் ஏமாந்தது. அதைக் கவனித்தவர், வெள்ளை டேப்பில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அந்தப் பட்டன் மேல் ஒட்டினார். கண்ணை எடுக்காமலே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பெண் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்குக் குளிர்ந்த மைலோ பானம் கொண்டுவந்து வைத்தாள். நான் எடுத்த இருபது படங்களில் அவள் எட்டாவதிலிருந்து அழகாக வர ஆரம்பித்தாள்.

நான் ஆட்டிய தலை

அவர் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படங்கள். மலை, கடல், பனி, ஒட்டகம். ஊர் சுற்ற வந்த இடத்தில் கேமரா கெட்டுப்போய் அவரிடம் சரிசெய்துகொண்டவர்கள், பிறகு அனுப்பிய படங்கள். ஜரீனா அக்கா டாக்சிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். ஓங் அங்கிள் சுவரில் ஒரு காலி இடத்தைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தி, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார். ஒரே ஒரு கல்யாணப் படம். எனக்கு அனுப்பு.

அவ்வளவு செய்த மனிதர். நான் தலையை ஆட்டிவிட்டேன். தன் அட்டையைக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

டாக்சியில் ஏறிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பெண்கள் பக்கத்துப் படம் ஒன்றுகூட வெளியே போகாது என்று கதீஜா அக்காவுக்கு எத்தனையோ வருடமாகக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இப்போது ஆட்டிய தலை இன்னொரு பக்கம். ஜரீனா அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் மண்டப வாசலில் அங்கேயும் ஒரு டேக்சா வைத்திருந்தார்கள். ஜரீனா அக்கா தன் போனை முதலில் போட்டார். உள்ளே போனதும் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. கதீஜா அக்கா இங்கே இருந்தால் எதைப் பார்ப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மகளின் புடவைக் கொசுவம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். எடுத்தேன். யார் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பார். எடுத்தேன். மாப்பிள்ளையின் அக்கா தாலிபோலக் கருகமணியைக் கட்டும்போது அஸ்மா கண்ணை மூடிக்கொண்டாள். கட்டி முடித்ததும் திறந்து நேராக லென்ஸைப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் விரலுக்கடியில் அந்த டேப் துண்டு இருந்தது. அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொண்டேன். பாகத்துக்கான விலை மட்டும் வாங்கினார். இரவலுக்கு ஒன்றும் கிடையாது என்றார். விடைபெறும்போது அந்தக் காலி இடத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன்.

கேம்ப் ரோட்டில் ஒரு மதியம்

ஊருக்கு வந்த மறுநாள் கதீஜா அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று அவருக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். கார்டைக் கையில் கொடுத்தேன். லேப்டாப்பில் போட்டுவிட்டு, "நீயும் உக்காரு" என்றார். முன்பெல்லாம் கார்டைக் கொடுத்ததும் நான் கிளம்பிவிடுவேன்.

இரண்டு மணி நேரம் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு படத்திலும் பின்னால் நிற்பவர்கள் வரை யார் யார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரியாணி எப்படி இருந்தது என்றார். அரிசி வேறு மாதிரி என்றேன். "சம்பந்தி வூட்டு பிரியாணியை நல்லாயில்லன்னு சொல்லாம சொல்றா பாரு" என்று சிரித்தார். கருகமணிப் படம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அஸ்மா நேராக அவரைப் பார்த்தாள். அடுத்த படத்துக்குப் போகாமல் அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிந்த பிறகும் அப்படியே இருந்தார்.

எல்லாம் முடிந்ததும், "குங்குமக் கதையை ஜரீனா சொன்னா" என்றார்.

அப்போது நான் சொல்லிவிட்டேன். ஓங் அங்கிள் தன் பெயரை எழுதிக் கொடுத்தது, சுவரில் இருந்த காலி இடம், நான் இரண்டு தடவை தலையை ஆட்டியது எல்லாவற்றையும். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதைவிட, கூப்பிட்டுவிட்டு என் கையைக் கவனித்துக்கொண்டே இருப்பார்களோ என்றும் பயந்தேன்.

"அனுப்பிட்டியா?"

"இல்லக்கா. எங்கிட்ட ஏது படம்? கார்டு உங்ககிட்டதான இருக்குது."

லேப்டாப்பை மூடி வைத்தார். பிறகு, "கேமரா கொண்டாந்திருக்கியா?" என்றார்.

பையில் இருந்தது, வேறொரு கார்டோடு. பினாங்கில் திரும்ப வாங்கிய பிறகு நான் அதில் ஒரு படமும் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கால் மணி நேரம் கழித்து வந்தார். கல்யாணத்துக்கென்று எடுத்து, கட்டாமலே இருந்த புடவை. பச்சையில் பொன் கரை. கடை மடிப்பு அப்படியே நின்றது. முக்காட்டை நெற்றிவரை இழுத்து, காதோரம் ஒரு முடி இல்லாமல் செருகியிருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஒரு படத்துல கூட நான் இல்ல, பார்த்தியா? எடு."

அழுத்தினேன். முழுச் சத்தம் வந்தது.

எடுத்ததைக் காட்டு என்று அத்தனை வருடத்தில் அவர் கேட்டதில்லை. அன்று கேட்டார். கேமராவைத் திருப்பிப் பிடித்தேன். அந்தச் சின்னத் திரையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார்.

"இவ்ளோ மெலிஞ்சிட்டனா?"

கேமராவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, பரவால்ல. அனுப்பு. யாருன்னு கேப்பாரு. பொண்ணோட அம்மான்னு எழுது."

கேபிள் போட்டு லேப்டாப்பில் ஏற்றி, ஓங் அங்கிளின் அட்டையில் இருந்த எண்ணுக்கு அவருடைய போனிலிருந்தே அனுப்பினோம். பிறகு வழக்கம்போல அவர் கண்ணெதிரே கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கி, அஸ்மா கல்யாணத்துக் கார்டு இருந்த சின்ன டப்பாவிலேயே போட்டு மூடினார்.